கிலோமீட்டருக்கு ஒரு பாட்டில் ரத்தம்

சுப்புலக்ஷ்மி அக்கா ஓட ஆரம்பித்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அதற்கு முன் அவர் ஓடி நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வடாமைக் கோடைப் புயல்மழை வந்து அடித்துக்கொண்டு போவதற்குள் எடுக்க, மூன்று மாடி ஏறினார். ஏறி முடித்துப் பத்து நிமிஷம் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். வடாமை எடுத்தது நான்தான்.

கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் அவர்கள் முதல் மாடி, நாங்கள் இரண்டாம் மாடி. என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி நாங்கள் இங்கே வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அக்கா பிறந்து வளர்ந்ததே இந்த ஊர். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ‘சுபு-தி’. தி என்றால் அக்கா. ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தில் உதவி மேலாளர். கணவர் ஜெய்ராம் சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரே பெண் ஹம்சினி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. வங்காளியில் சண்டை போடுவாள், தமிழில் சாப்பாடு கேட்பாள்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அக்காவின் ஆபீஸில், பக்கத்து நாற்காலியில் உட்காரும் மிதாலி என்ற பெண். இருபத்தாறு வயது. வாய்த்துடுக்கு, நல்ல சிரிப்பு, தினம் ஒரு நிறத்தில் பொட்டு. மூன்று வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் லீவு போடுவாள். யாராவது காரணம் கேட்டால், காதலனைப் பார்க்கப் போகிறேன் என்பாள். அந்த ஏப்ரலில் வெள்ளிக்கிழமை லீவு போட்டவள் திங்களும் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை வந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினாள்.

அன்றைக்குத்தான் அக்காவிடம் சொன்னாள். அவளுக்குப் பிறவியிலேயே தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாகச் செய்துகொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெஹாலாவில் உள்ள ஒரு சின்ன அறக்கட்டளை மையத்தில் படுத்து இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். கோடை வந்தால் கல்லூரிகள் மூடிவிடும், ரத்ததான முகாம்கள் குறைந்துவிடும். நாளைக்கு வா, நாளைக்கு வா என்று மூன்று நாள் அலைய விட்டு, கடைசியில் ஒரே ஒரு பாட்டில்தான் கொடுத்தார்கள். இதை அவள், பஸ் நேரத்துக்கு வரவில்லை என்று அலுத்துக்கொள்வதுபோலச் சொன்னாளாம். அக்காவுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறே எங்கள் தெரு கிளப்பில் ரத்ததான முகாம். அக்கா எட்டு மணிக்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். படிவத்தில் மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்று ஒரு கேள்வி. கல்லூரி நாளில் வந்தது, பி வகை. இருபது வருஷமாக கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்து, படிவத்தில் உண்மையை மறைத்தவர்களைக் கண்டபடி திட்டியவர் அவர். எப்படிப் பொய் எழுதுவார்? உள்ளதை எழுதினார். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, இந்த ஆயுசில் நீங்கள் ரத்தம் கொடுக்கவே முடியாது அம்மா என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். அக்காவின் முகத்தைப் பார்த்து மனம் கேட்காமல் கிளப் செயலாளர் டிபன் பெட்டியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினார். உள்ளே வாழைப்பழம், சந்தேஷ் இனிப்பு, இரண்டு அவித்த முட்டை. முட்டையை மாடியேறி வந்து என்னிடம் நீட்டினார்.

“நான் எதுக்கும் உபயோகம் இல்லைன்னு சொல்லிட்டா, தேவி” என்றார். என் முழுப் பெயர் தேவிப்ரியா.

அந்த அறக்கட்டளை பிப்ரவரி முதல் ஞாயிறு மாரத்தான் நடத்தப்போவதாக அறிவித்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் சொச்சமும். ஓடுகிறவர்கள் தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டித் தர வேண்டும். மிதாலி சும்மா மேஜையில் போட்டுவிட்டுப் போன நோட்டீஸை அக்கா இரண்டு தடவை படித்தார். பிறகு பெஹாலாவுக்கே நேரில் போய், பணத்துக்குப் பதிலாக ஆட்களைக் கொண்டுவரலாமா, ஒரு கிலோமீட்டருக்கு ஒருவர் என்று நாற்பத்திரண்டு பேர் ரத்தம் கொடுத்தால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். ரத்தம் வருகிறது என்றால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

மிதாலிதான் குறுக்கே விழுந்தாள். நாற்பத்திரண்டு பேரும் ஒரே நாளில் வந்து கொடுத்தால் பிரயோஜனம் இல்லை, ரத்தம் ஐந்தாறு வாரத்துக்கு மேல் தாங்காது, மழைக்காலத்திலும் பூஜை சமயத்திலும்கூடப் பஞ்சம்தான் என்றாள். ஜெய்ராம் சார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பயிற்சியில் அக்கா ஒரு புதுக் கிலோமீட்டரை முதல் தடவையாகத் தொட்ட வாரம், அந்தக் கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தவர் போய் ரத்தம் கொடுத்துவிட வேண்டும். கோடு போட்ட முழுநீளத் தாளில் ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை எண் போட்டு, பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். முதல் எண்ணுக்கு எதிரில் தன் பெயரையே எழுதிக்கொண்டார்.

ஒரு கிலோமீட்டரைத் தொடவே மூன்று வாரம் ஆயிற்று.

அதிகாலை ஐந்து மணிக்கு ரவீந்திர சரோபர் ஏரிக்கரை. இங்கே எல்லோரும் அதை லேக் என்றே சொல்வார்கள். ஜெய்ராம் சார் பிளாஸ்கும் ஸ்டாப் வாட்சுமாக பெஞ்சில் உட்காருவார். துணைக்கு நானும் சில நாள் போவேன். முதல் நாள் அக்கா சல்வாருக்குக் கீழே புது ஷூ போட்டுக்கொண்டு, படகு கிளப் வாசலிலிருந்து கிளம்பி நாலாவது விளக்குக் கம்பத்தில் நின்றுவிட்டார். மே மாதப் புழுக்கம் வேறு. பேசாமல் திரும்பி வந்து தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பி, மறுபடி நாலாவது கம்பத்தில் நின்றார். கூட்டமாக நின்று சத்தம் போட்டுச் சிரிக்கும் பயிற்சி செய்கிற பெரியவர்கள் சிலர் அங்கே உண்டு. அவர்கள் அக்காவைப் பார்த்து நிஜமாகவே சிரித்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு கிலோமீட்டர் முடித்தபோது அவர்களே வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள். அன்று சாயங்காலம் ஜெய்ராம் சார் பெஹாலாவுக்குப் போய் முதல் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, ஏதோ பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி வெட்கத்தோடு திரும்பி வந்தார்.

ஓட்டம் மெல்ல மெல்ல வசப்பட்டது. ஜூன் முடிவில் ஐந்து கிலோமீட்டர். ஆனால் தாளில் பெயர்கள் பத்தொன்பதோடு நின்றுபோயின. ஆபீஸில் ஒன்பது பேர், தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான். மற்றவர்களைக் கேட்டால் ஒருவருக்கு வீட்டில் கல்யாணம், ஒருவருக்கு உடம்பில் தெம்பு இல்லை, ஒருவர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அக்காவுக்கு ஓடுவதைவிடக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்போது நிமாய்-தா வந்து சேர்ந்தார். தா என்றால் அண்ணன். லேக் கார்டன்ஸ் சந்தையில் மீன் கடை. பிறந்ததிலிருந்து சைவமான அக்கா, இருபது வருஷமாக அந்த மீன் சந்தைப் பக்கமே போகாமல் காய்கறி வாங்க எதிர்த் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவர். ஒரு ஜூலைக் காலை ஓட்டத்தின்போது எதிர்த் தெருவில் முழங்கால் தண்ணீர். வேறு வழியில்லாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குள் ஓடினார். மீன் கழுவிய தண்ணீரில் கால் வழுக்கி விழப்போனவரை நிமாய்-தா முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். கவிழ்த்துப் போட்ட கூடையில் உட்கார வைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தார். தினமும் போலீஸ் துரத்துகிற மாதிரி இந்த அம்மா ஏன் தெருத் தெருவாக ஓடுகிறாள் என்று சந்தை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்களாம். அக்கா விஷயத்தைச் சொன்னார்.

நிமாய்-தா கல்லாவைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். ஐம்பத்து மூன்று தடவை ரத்தம் கொடுத்தவர். எந்தத் தேதியில் எங்கே என்பது உட்பட எல்லாம் அதில் இருந்தது. அன்று மாலைக்குள் பதினொரு பெயர் எழுதிக் கொண்டுவந்துவிட்டார். இறால் விற்பவர், ஐஸ் உடைப்பவர், எலுமிச்சையும் பச்சை மிளகாயும் விற்கும் அம்மாள் எல்லோரும் அதில். மிச்ச எண்களும் அவர் தயவில் ஒரு மாதத்தில் நிரம்பிவிட்டன. நாற்பத்திரண்டாவது எண்ணைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். முடிகிற இடத்தில் தான் நிற்க வேண்டும் என்று ஆசை. அவருக்கு ஒரே ஒரு குறைதான். மீன் தொடாமல் தயிர் சாதத்தை நம்பி ஒரு மனுஷி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போகிறாள் என்பதை அவரால் தாங்கவே முடியவில்லை. குழம்பு மட்டுமாவது கொஞ்சம் குடிக்கக்கூடாதா என்று பிப்ரவரி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் எண் பதினேழு. எழுதிக்கொண்ட நாளில் அக்கா மூன்று கிலோமீட்டரில் இருந்தார். பதினேழு எங்கே வரப்போகிறது என்ற தைரியம். எனக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். செப்டம்பர் முதல் வாரம் அக்கா பதினாறைத் தொட்டபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஞாயிறு விடியற்காலை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. படுக்கையிலேயே கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். எட்டரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா, தலையிலிருந்து ஷூ வரை சொட்டச் சொட்ட நின்றார்.

“பதினேழு ஆச்சு” என்றார்.

“மழையிலயாக்கா?”

“மழைன்னா வேர்க்காது. சௌகரியமாப் போச்சு. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் போகலாமா?”

செவ்வாய்க்கிழமை போனேன். மிதாலி என் தலைமாட்டில் உட்கார்ந்து, தனக்கு ஒரு வயதிலிருந்து இதுவரை எத்தனை ஊசி குத்தியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாயிரமோ என்னவோ வந்தது. அவள் எண்ணி முடிப்பதற்குள் என் பாட்டில் நிறைந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து மாம்பழச் சாறு குடித்தபோது எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை. தூத்துக்குடிக்குப் போன் போட்டு அம்மா, அண்ணன், சித்தி எல்லோரிடமும் சொன்னேன்.

துர்கா பூஜை வந்தது. தெருவெங்கும் மூங்கிலும் பந்தலும் விளக்கும். இரவெல்லாம் பந்தல் பந்தலாகச் சுற்றிவிட்டு விடியும்போது வீடு திரும்புகிற கூட்டத்துக்கு எதிர்த்திசையில் அக்கா ஓடினார். புதுத் துணியும் செருப்புக் கடியுமாக நடைபாதையில் உட்கார்ந்திருந்த இளசுகள் எழுந்து நின்று கை தட்டினார்களாம். அந்த வாரம் இருபத்து மூன்று. ரத்த வங்கிகள் காலியாகக் கிடக்கும் வாரமும் அதுதான். இருபத்து மூன்றாம் எண்ணுக்குரிய இறால் கடைக்காரர் அஷ்டமி அன்று கடையைச் சாத்திவிட்டுப் பெஹாலா போனார். அக்டோபர் கடைசியில் ஹம்சினிக்குப் பதினெட்டு முடிந்தது. இருபத்தைந்தாவது எண்ணைப் பல மாதமாகப் பிடித்து வைத்திருந்தவள், பிறந்தநாள் கேக்கை வெட்டிவிட்டு நேரே மையத்துக்குப் போனாள்.

நவம்பரில் இருபத்தேழு ஓடி முடித்த மறுநாள், அக்காவால் இடது குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. டாக்டர் ஐந்து வாரம் ஓடக்கூடாது என்றார். அக்கா அழவில்லை. பிரிட்ஜ் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டாம் எண்காரர் போன் செய்து, எப்போது வரட்டும் என்று கேட்டார். நான் ஓடினப்புறம் சொல்கிறேன், பொறுங்கள் என்றார் அக்கா. இருபத்தொன்பதிலிருந்து முப்பத்திரண்டு வரை இருந்தவர்களுக்கும் அதே பதில்.

இது மிதாலி காதுக்குப் போயிற்று. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் அப்போது அங்கேதான் வெந்நீர் வாளியில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போது வங்காளி நன்றாகவே புரியும். அவள் உட்காரக்கூட இல்லை. ஐந்து பேர் ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கும்போது அவர்களை ஏன் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் ஓடாமல் அவர்கள் கொடுத்தால் அது வாக்குத் தவறினதுபோல ஆகிவிடும் என்றார் அக்கா. ஓட்டம் நின்றுவிட்டால் ஆட்களுக்கு உற்சாகம் போய்விடும் என்றும் சொன்னார்.

“சுபு-தி, உங்க காலுக்கு ஓய்வு வேணும். எனக்கு ரத்தம் வேணும்” என்றாள் மிதாலி. “ரெண்டையும் ஏன் ஒரே தாள்ல எழுதி வச்சிருக்கீங்க? என் வெள்ளிக்கிழமை உங்க குதிகாலுக்காகக் காத்திருக்குமா?”

மிதாலிக்கே கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று ஆகிவிட்டது போலிருந்தது. வாளிப் பக்கம் திரும்பி, தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். அக்கா தன் காலை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“இது என் ஓட்டம்னு நெனச்சுண்டுட்டேன் தேவி. போனைக் கொடு.”

அங்கேயே உட்கார்ந்து ஐந்து பேருக்கும் போன் போட்டார். என் கால் எப்போது சரியாகுமோ தெரியாது, நீங்கள் தயவுசெய்து போய் ரத்தம் கொடுத்துவிடுங்கள் என்றார். உற்சாகம் போய்விடும் என்று அவர் பயந்ததுதான் மிச்சம். ஒருவர்கூடத் தயங்கவில்லை. ஐஸ் உடைப்பவர் அன்றைக்கே போய்விட்டார். போய்விட்டு வந்து, என் பங்கு முடிந்தது, இனி சுபு-தி பாடு என்று சந்தையில் அறிவித்தாராம். அது அக்காவுக்கு மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. ஓடாத கிலோமீட்டருக்கு ஐந்து பேர் ரத்தம் கொடுத்தாயிற்று. இனி ஓடித்தான் ஆக வேண்டும்.

டிசம்பர் முழுக்க அக்கா டாக்டர் சொன்ன பயிற்சிகளை ஒன்று விடாமல் செய்தார். படியின் விளிம்பில் விரல்களை ஊன்றி எழும்பி இறங்குவது, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் அடியில் வைத்து உருட்டுவது. உருட்டும்போதே கிளெய்ம் பேப்பர் பார்ப்பார். ஜனவரியில் மூன்று கிலோமீட்டரில் ஆரம்பித்து இருபது வரை வந்தார். அதற்கு மேல் நேரம் இல்லை. ஓடலாம், வலித்தால் நடக்க வேண்டும், அதையும் மீறி வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார்.

பிப்ரவரி முதல் ஞாயிறு. ரெட் ரோட்டில் பனிமூட்டம். மைதானத்து மரங்கள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஐந்து மணிக்கு ஓட்டம் தொடங்கியது. விக்டோரியா நினைவு மண்டபத்துப் பக்கம் போய்த் திரும்பி, அதே பாதையில் நாலு சுற்று. ஆறரை மணி நேரம் கெடு. பதினொன்றரைக்குச் சாலையைத் திறந்துவிடுவார்கள். முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் அறக்கட்டளையின் ரத்ததான வண்டி நின்றது. முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை மீதி இருந்த பத்துப் பேரும் அங்கே வந்திருந்தார்கள். யாரும் தனக்காகக் காத்திருக்கக் கூடாது, பத்து மணிக்கு வண்டி திறந்ததும் ஆரம்பித்துவிட வேண்டும் என்று அக்கா முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு சுற்று அக்கா எங்களைத் தாண்டிப் போனபோது சிரித்துக்கொண்டே போனார். ஜெய்ராம் சார் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாற்றை நீட்டிக்கொண்டே கூட நாலடி ஓடுவார். மூன்றாவது சுற்றில் சிரிப்பு இல்லை. நாலாவது சுற்று தொடங்கும்போது இடது காலை இழுத்து இழுத்து வந்தார். முப்பத்திரண்டாவது கிலோமீட்டரிலிருந்து ஓட்டம் நடையாகிவிட்டது. ஹம்சினி எங்களை விட்டுவிட்டுப் போய் அம்மாவோடு சேர்ந்துகொண்டாள்.

பதினொன்றரை ஆயிற்று. போலீஸ்காரர்கள் தடுப்புகளை நகர்த்தினார்கள். பஸ்ஸும் டாக்ஸியும் ரெட் ரோட்டில் பாய ஆரம்பித்தன. காற்று அடைத்து நிறுத்தியிருந்த பெரிய வளைவைப் பிடுங்கிவிட்டு ஆட்கள் அதன் மேல் உட்கார்ந்து சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரரும் போய்விட்டார். அக்காவுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் பாக்கி. சாலையை விட்டு ஏறி, மரத்தடியில் ஆடு மேய்கிற நடைபாதையில் அம்மாவும் பெண்ணும் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே நடந்த பேச்சை ஹம்சினி பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

“அம்மா, பார்பே? முடியுமா? நான் ஜாரைக் கூப்பிடறது, ஆம்புலன்ஸையா?”

“யாரைங்கறதைக்கூட ஒழுங்காச் சொல்ல வரலை. பேசாம வா.”

வங்காளிகளுக்கு ‘ய’ எல்லாம் ‘ஜ’தான். அவளை வைத்து ஐந்து நிமிஷம் ‘யாரை, யாரை’ என்று சொல்லச் சொல்லிப் பாடம் நடத்திக்கொண்டே வந்தாராம். நடுவில் ஒருமுறை ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று கொஞ்சம் அழுதார் என்பதையும் ஹம்சினி சொன்னாள்.

வண்டிப் பக்கம் வேறு ஒரு கலாட்டா. ஒன்பது பேர் ரத்தம் கொடுத்து முடித்துவிட்டார்கள். பத்தாவது ஆளான நிமாய்-தா மட்டும், சுபு-தி வராமல் படுக்கமாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். பன்னிரண்டு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். மிதாலி அவரைப் பிடித்த பிடியில் மீன் வியாபாரியே வாயடைத்துப் போனார். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்ப் படுத்தார். ஊசி ஏறி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மரங்களுக்கு நடுவே அக்காவின் மஞ்சள் பனியன் தெரிந்தது.

அவ்வளவு நேரம் நடந்து வந்தவர் எங்களைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தார். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் நடையும் இல்லை. ரத்தம் கொடுத்த ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள். பஞ்சை அழுத்தி முழங்கையை மடக்கி வைத்திருந்ததால் கைதட்ட முடியவில்லை. இன்னொரு கையால் தொடையில் அடித்து அடித்துச் சத்தம் எழுப்பினார்கள். வண்டி ஜன்னலில் நிமாய்-தாவின் தலை எழும்பியது. நர்ஸம்மா அதை அமுக்கினார், மறுபடி எழும்பியது. சாலையில் வெள்ளைக் கோடு மட்டும் மிச்சம் இருந்தது. பஸ்களை நிறுத்தச் சொல்லி ஒரு போலீஸ்காரர் கை காட்ட, அக்கா இறங்கிப் போய் அதைத் தாண்டினார். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

“எத்தனை பேர் ஆச்சு?” என்றுதான் முதலில் கேட்டார்.

“ஒன்பது. பத்தாவது ஆளை உள்ளே கட்டிப்போட்டிருக்கோம்” என்றாள் மிதாலி.

“சரி” என்று சொல்லி அக்கா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தார். மிதாலியும் தூசியைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய ஷூ முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஜெய்ராம் சார் ஸ்டாப் வாட்சை நிறுத்த மறந்து, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தொண்டர் பெண் ஒருத்தி மூட்டை கட்டிய பெட்டியைப் பிரித்து ஒரு பதக்கம் எடுத்துக் கொடுத்தாள். கெடு தாண்டிவிட்டதால் சான்றிதழ் கிடையாது என்றாள். படிவ விஷயத்தில் கறாரான அக்கா, அது சரிதான், கொடுக்கக் கூடாது என்று அவளுக்கே எடுத்துச் சொன்னார்.

அப்புறம் நாலு நாள் அக்கா மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினார். பிரிட்ஜில் இருந்த தாளை மிதாலி கழற்றிக்கொண்டு போய்விட்டாள். இப்போது அது அவள் போனில் ஒரு குழுவாக இருக்கிறது. அறுபத்தாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை என்று யார் எந்த வாரம் போக வேண்டும் என்பதை அவளே போட்டு அனுப்பிவிடுவாள். யாரும் எங்கேயும் ஓட வேண்டியதில்லை. பிப்ரவரி கடைசியில் எனக்கு இரண்டாவது தடவை முறை வந்தது. இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் கையை நீட்டுகிறேன்.

மார்ச் மாதம் ஒரு விடியற்காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷ மாரத்தானுக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்லை” என்றார். “சும்மாத்தான். ஓடினா நன்னா இருக்கு.”

எழுந்து, குதிகாலை இரண்டு தடவை தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, லேக் பக்கமாகப் போனார்.